ஏழாம் அறைக்காரி

அத்தியாயம் 11

"நீங்கதான் கதவைச் சாத்திடுவீங்களே அக்கா."

நேற்று மாலை நான் சொன்ன அந்த ஒரு வரி, இரவு முழுக்க வீட்டில் யார் பக்கமும் சாயாமல் நின்றுகொண்டிருந்தது. காலையில் நான் சமையலறைக்கு வந்தபோதும் அங்கேதான் நின்றது.

சொல்ல வைத்தது ஒரு புத்தகப் பக்கம். நான் பாடநூல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அடுத்த கல்வியாண்டிலிருந்து நாடு முழுவதும் ஆறாம் வகுப்புக்கு வரப்போகிற 'நம்மைச் சுற்றி நம்பிக்கைகள்' புத்தகத்தில் இந்த வீட்டாரின் மதத்தைப் பற்றிய பக்கத்தை நான் எழுதியிருந்தேன். என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, அதை எடுத்துப் படித்துவிட்டு விரலை வைத்தாள்.

"நாங்க நின்னுக்கிட்டே வேண்டுவோம்னு எழுதியிருக்கே. ஆரம்பத்துல கொஞ்ச நேரம்தான் நிப்போம். அப்புறம் உட்கார்ந்துடுவோம். ஒன்பது வருஷம் ஒரே வீட்டுல இருக்கே, இது தெரியாதா?"

அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அறைகளைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வீட்டைச் சொல்ல முடியாது. பள்ளியில் வாரம் மூன்று தடவை சமய வகுப்புக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அவரவர் மதத்துக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போவார்கள். எந்தக் காலத்திலோ வந்த ஒரு சுற்றறிக்கையின்படி எல்லாப் பள்ளிகளிலும் ஒரே எண்கள்: மூன்று, ஐந்து, ஏழு. எந்த மதத்தையும் எழுதிக் கொடுக்காத வீட்டுப் பிள்ளைகள் நூலகத்துக்கு. வளர்ந்து, வேலைக்குப் போய், தலை நரைத்த பிறகும் அந்த எண் ஆளை விடாது. வாடகைக்கு வீடு கேட்டாலும், கல்யாணப் பேச்சு எடுத்தாலும், மதத்தின் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. "எந்த அறை?" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

என் கணவர் வீடு மூன்றாம் அறை. நான் ஏழாம் அறைக்காரி. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவள்.

புதிய பாடத்திட்டம் வந்தால் பிள்ளைகள் எழுந்து போக வேண்டாம். எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து எல்லோரைப் பற்றியும் படிப்பார்கள். அக்கா இருபத்தோரு வருடமாக மூன்றாம் அறை ஆசிரியை. அவளுடைய அறையைத்தான் நான் ஒரு புத்தகத்தால் பூட்டப் போகிறேன்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கூடத்தின் கோடியில் இருந்த சின்ன வேண்டுதல் அறையின் கதவு திறந்திருந்தது.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

உள்ளே அக்கா முதுகு காட்டி நின்றிருந்தாள். பார்க்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. அடுப்புத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு பார்த்தேன். நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பால் பொங்கி வந்தது.

முடித்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எவ்வளவு நேரம் நின்னேன்?"

"பால் பொங்குற நேரம்."

"அப்படியே திருத்து. சரிபார்த்தோம்னு எங்க ஆளுங்க மூணு பேர் கையெழுத்து வேற போட்டிருக்காங்க. கண்ணு எங்க போச்சாம்?"

"தன் வீட்டுப் படிக்கட்டை யாருக்கா எண்ணுறாங்க?"

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் உதடு கொஞ்சம் இளகியது. டம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் சாத்தினேன். புதுசா வந்த பொண்ணு. கதவைத் திறந்து வச்சா, நீயும் வான்னு கூப்பிடுற மாதிரி ஆயிடுமேன்னு. நீ வேற மாதிரி நினைச்சிருக்கே."

"ஆமா."

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்கு நம்ம லட்சணம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். இன்று காலை பதினோரு மணிக்கு அவள் முன்னோட்டப் பாடம் எடுக்க வேண்டும். தன் மதப் பக்கத்தை யாரும் எடுக்கக் கூடாது என்பது விதி. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது ஏழாம் அறைப் பக்கம். என் மதத்தின் பக்கம். அதைப் பற்றிக் கேட்க இந்த ஊரில் அவளுக்கு என்னைவிட அருகில் யாருமில்லை. பதினைந்தடி தூரத்தில் தூங்குகிறேன்.

அவள் கேட்கவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டுப் பரிமாறப் போனாள்.

சாப்பாட்டு மேசையில் மாமா, அக்காவின் கணவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

"ஏழு நாற்பது. இன்னும் தட்டு வரலை."

"வண்டி தாமதம்னு அறிவிப்பு குடுங்கப்பா" என்றாள் அவர் மகள். எட்டாம் வகுப்பு. எதை எடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர். "அம்மா, இன்னைக்கு ஏழாம் அறை பாடமாமே. சித்திகிட்ட கேட்டியா?"

அக்காவின் கை ஒரு கணம் நின்றது.

"சாப்பாட்டுல என்ன பேச்சு?" என்றார் மாமா. "வீட்டுக்குள்ள மதம் பேசினா சாப்பாடு செரிக்காது."

நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் அவர் சொன்னது அது. எனக்காகத்தான் சொன்னார். யாரும் எதையும் கேட்டு என்னைக் குத்திவிடக் கூடாதென்று. நல்ல மனிதர். ஆனால் என் வழிபாட்டைத் தடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்காத வீட்டில் எதற்காகச் சண்டை போடுவது? கொஞ்சம் கொஞ்சமாக நானும் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

என் கணவர் மேசைக்கடியில் என் காலை மெல்லத் தட்டினார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்துப் பழக்கம்.

"அண்ணி பையில ரெண்டு கடிதம் இருக்கு" என்றார், வாசலில் நான் செருப்பு மாட்டும்போது. "ஒண்ணு புதுப் பாடம் எடுக்கச் சம்மதம். இன்னொண்ணு, எனக்கு வேண்டாம், நூலக உதவியாளரா போறேன்னு. நேத்து என்கிட்டதான் பேனா வாங்கினாங்க."

"எதைக் கொடுப்பாங்க?"

"அது வகுப்பு முடிஞ்சாதான் அவங்களுக்கே தெரியும்னு நினைக்கிறேன்."

*

அலுவலக வண்டியில் எனக்குப் பக்கத்தில் மேடம் உட்கார்ந்திருந்தார். பாடத்திட்டப் பிரிவின் தலைவி. அவர் இல்லாத இடத்தில் நாங்கள் எல்லோரும் அவரைச் சிவப்புப் பேனா என்போம். ஒரு பக்கத்தைக் கொடுத்தால் திரும்பி வரும்போது அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

மடியில் பார்வையாளர் படிவம். வகுப்பைப் பார்க்க மூன்று பேர்: மேடம், பள்ளித் தலைமையாசிரியர், நான். மூன்று கையெழுத்தும் விழுந்தால் அந்த ஆசிரியை புதிய பாடத்துக்குத் தேர்வு. ஒன்று குறைந்தாலும் நூலகம்.

படிவத்தின் மேலே ஒரு கட்டம் உண்டு. 'ஆசிரியருக்கும் பார்வையாளருக்கும் உறவு ஏதேனும்?' நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

ஏன் எழுதினேன் என்று வழி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். சொல்லியிருந்தால் பட்டியலிலிருந்து அந்தப் பள்ளியையே எடுத்துவிடுவார்கள், அக்காவுக்கு வாய்ப்புப் போய்விடும் என்று ஒரு பதில் கையில் தயாராக இருந்தது. நியாயமான பதில். அதை உரித்தால் உள்ளே வேறொன்று இருந்தது. எங்கள் மதத்தைப் பற்றிய பக்கத்தை, அவள் வாயால், கரும்பலகை முன்னால் நின்று, அவள் படிப்பதை நான் பார்க்க வேண்டும். ஒன்பது வருடம் கேட்காததை ஒரு மணி நேரம் அவள் சொல்லியாக வேண்டும். அந்த ஆசையில் அன்பு எவ்வளவு, பழி எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"என்ன, முகம் வெளுத்திருக்கு?" என்றார் மேடம்.

"வெயில் மேடம்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேகமூட்டமாக இருந்தது.

*

ஆறாம் வகுப்பில் முப்பத்து நான்கு பேர். கடைசி வரிசைக்குப் பின்னால் எங்களுக்கு மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். கணக்கு ஆசிரியர் பலகையைத் துடைத்துவிட்டு வெளியே போனார். தலைமையாசிரியர் கழுத்துப் பட்டியை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார்.

மணி அடித்தது.

முப்பத்து நான்கு பேரும் எழுந்தார்கள். பையைத் தூக்கினார்கள். நாற்காலிகள் இழுபட, "தள்ளுடா", "என் பேனாவைக் குடு" என்ற சத்தத்தோடு ஒருவர் பாக்கியில்லாமல் கதவு வழியாக வெளியே போய்விட்டார்கள். பழக்கம். ஆறு வருடமாக அந்த மணிக்கு அவர்கள் கால் தானாக நடக்கும்.

வகுப்பில் மிச்சம் நாங்கள் மூன்று பேர்.

"அது வந்து..." என்றார் தலைமையாசிரியர். "இன்னைக்குப் போக வேண்டாம்னு காலையில சொல்லச் சொல்லியிருந்தேன். யார்கிட்ட சொல்லச் சொன்னேன்னுதான் யோசிக்கிறேன்."

"பரவாயில்லை, டீச்சர் வரட்டும்" என்றார் மேடம்.

டீச்சர் வரவில்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். மேடம் பேனா மூடியைத் திறந்தார். தலைமையாசிரியர் தாழ்வாரத்துக்கு எழுந்து போவதா, மரியாதைக்கு உட்கார்ந்திருப்பதா என்று பாதி எழுந்த நிலையில் இருந்தார். நான் அக்காவின் பையிலிருந்த அந்த இரண்டாவது கடிதத்தை நினைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டாள். வகுப்புக்கே வராமல் கொடுத்துவிட்டாள். எனக்குள் எழுந்தது கோபமா, நிம்மதியா? இரண்டும் இல்லை. வெறும் வருத்தம். அது எனக்கே புதிதாக இருந்தது.

ஐந்தாவது நிமிடம் தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். நிறையக் கால்கள்.

முதலில் அக்கா வந்தாள். முகம் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள், வரிசையில்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உட்காருங்க. அவங்கவங்க இடத்துல." அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "மன்னிக்கணும். மணி அடிச்சதும் நானும் நேரா மூணாம் அறைக்குப் போயிட்டேன். இருபத்தோரு வருஷப் பழக்கம். அங்க போய் வருகைப் பதிவேட்டைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு."

பிள்ளைகள் இப்போது வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. நான் மட்டுமா தப்பான அறைக்குப் போனேன்?" என்றாள் அக்கா. "அப்புறம் ஒவ்வொரு அறையாப் போய் இவங்களைப் பொறுக்கிட்டு வரவேண்டியதாப் போச்சு. ஏழாம் அறைக்குள்ள இன்னைக்குத்தான் முதல் தடவை காலை வச்சேன். இவ்வளவு பெரிய ஜன்னல் வச்சிருக்கீங்களே, யாராவது சொன்னீங்களா? எங்க அறையில மூச்சு முட்டுது."

"ஐந்தாம் அறையில மின்விசிறியே ஓடாது டீச்சர்" என்றது ஒரு குரல்.

"நூலகத்துல பேசவே கூடாது டீச்சர்" என்றது இன்னொன்று.

"அப்போ எல்லாருக்கும் ஒரு குறை இருக்கு. சரி. புத்தகத்தை எடுங்க."

மேடம் படிவத்தில் ஏதோ குறித்தார். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா ஏழாம் அறைப் பக்கத்தைத் திறந்தாள். பக்கத்தின் மேலே மதத்தின் பெயர் இருந்தது, எண் இல்லை. அதை அவள் வாய்விட்டுப் படித்தாள். எங்கள் மதத்தின் பெயரை அவள் குரலில் நான் கேட்பது அதுவே முதல் முறை. அவசரப்படாமல், ஒருவருடைய சொந்தப் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு சொன்னாள்.

பாடம் சீராகப் போனது. கொஞ்சம் அதிகமாகவே சீராக. படித்தாள், விளக்கினாள், பலகையில் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் அவள் புத்தகத்தைவிட்டு ஒரு அடி வெளியே வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மேடத்துக்கும் தெரிந்திருக்கும்.

நூலகத்துக்குப் போகிற மூன்று பேரில் ஒருத்தி, குட்டையாக முடி வெட்டிய பெண், கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அவங்க ஒண்ணா பேசாம உட்கார்ந்திருப்பாங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்களா? மணியும் இல்லையா?"

"இல்லைன்னுதான் இருக்கு."

"அப்போ முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். புத்தகத்தில் அது இல்லை. அந்தப் பக்கத்தை எழுதிய என் சக ஊழியருக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. சரிபார்த்த எங்கள் ஆட்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

வகுப்பு தானாகவே ஒரு காரியம் செய்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தலைகள் ஒரே சமயத்தில் இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பின. ஏழாம் அறைப் பிள்ளைகள் நான்கு பேரில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். அவள் மேசையில் இருந்த ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். அந்த வயதில் நான் அப்படித்தான் குனிந்திருந்தேன். வரலாற்றுப் பாடத்தில் எங்கள் மதத்தின் பெயர் வந்தாலே போதும், "நீ சொல்லு, உங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க?" என்பார்கள். பதினோரு வயதில் ஒரு மதம் முழுவதையும் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். அதனால்தான் படிவத்தில் நாலாவது கேள்வியாக அதை நானே சேர்த்தேன். 'எந்த மாணவரையாவது அவருடைய மதத்துக்குப் பிரதிநிதியாக நிறுத்தினாரா?' ஆம் என்றால் வகுப்பு தோல்வி.

அக்காவுக்கு அந்தக் கேள்வி படிவத்தில் இருப்பது தெரியாது. ஆசிரியர்களுக்குப் படிவத்தைக் காட்டுவதில்லை.

இருபத்தோரு வருட ஆசிரியைக்கு வகுப்பில் பதில் இல்லாமல் நிற்பது எப்படிப்பட்ட வேதனை என்று எனக்குத் தெரியும். பதில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. "நீ சொல்லும்மா" என்று இரண்டே வார்த்தை. நல்ல மனதோடுதான் சொல்வாள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்வார்கள்.

அக்கா மேடையிலிருந்து இறங்கினாள். நடந்து வந்து, அந்தப் பெண்ணுக்கும் வகுப்பின் பார்வைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அங்க என்ன பார்வை? கேள்வி என்கிட்ட கேட்டது."

தலைகள் திரும்பின.

"எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா.

அவள் அதை இன்னொரு தடவை, இந்த முறை கொஞ்சம் சுலபமாகச் சொன்னாள்.

"நிஜமாவே தெரியாது. புத்தகத்துலயும் இல்லை. ஆனா தெரிஞ்சவங்க ஒருத்தர் என் வீட்டிலேயே இருக்காங்க. ஒன்பது வருஷமா இருக்காங்க. நான்தான் ஒருநாளும் கேட்டதில்லை." அவள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. "இன்னைக்குக் கேக்குறேன். வியாழக்கிழமை வந்து சொல்றேன். சரியா?"

"மறக்க மாட்டீங்களே டீச்சர்?"

"அறை மாறிப் போனாலும் போவேன். இதை மறக்க மாட்டேன்."

குட்டை முடிப் பெண் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது வரிசைப் பெண் மெல்ல நிமிர்ந்தாள்.

*

வகுப்பு முடிந்து, தலைமையாசிரியர் அறையில் மேடம் தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியரும் போட்டார். நான் பேனாவை எடுத்தேன்.

"வீட்டிலேயே இருக்காங்கன்னு சொன்னாங்களே, யாரு அது?" என்றார் மேடம் பொதுவாக.

"வேற யாரு மேடம், இவங்கதான்" என்றார் தலைமையாசிரியர் வெள்ளந்தியாக. "டீச்சரோட ஓரகத்தி. உங்களுக்குத் தெரியாதா?"

மேடம் என் படிவத்தை எடுத்தார். மேலே இருந்த கட்டத்தைப் படித்தார். நீண்ட நேரம் படித்தார், ஒரே ஒரு சொல்லுக்கு.

"இது ஏன்?"

காலையில் வைத்திருந்த நியாயமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. "பார்க்கணும்னு ஆசைப்பட்டேன் மேடம்" என்றேன். "தப்புதான்."

அவர் சிவப்புப் பேனாவை மூடினார். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

"இந்தக் கையெழுத்து செல்லாது. உன் விஷயம் வேற. ஆனா அவங்க பாடம்..." ஜன்னல் வழியே பார்த்தார். மைதானத்தின் ஓரத்தில் அக்கா ஏதோ ஒரு பிள்ளையின் பைப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "பன்னிரண்டு பள்ளி பார்த்துட்டேன். தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் இவங்கதான். மூணாவது கையெழுத்துக்கு வேற ஒருத்தரை வச்சு வியாழக்கிழமை வகுப்பை நான் அனுமதிக்கலாம், இல்லை மொத்தத்தையும் ரத்து பண்ணலாம். யோசிக்கணும். சாயங்காலம் ஃபோன் பண்றேன்."

நான் வெளியே வந்தேன். அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். என்னால்தான் உங்கள் கையெழுத்து போயிற்று என்று.

சொன்னேன். மாலை பள்ளி விட்ட பிறகு, பேருந்து நிறுத்தத்தில் வைத்து, ஒன்றும் மறைக்காமல். அந்தக் கட்டத்தைப் பற்றியும், வண்டியில் நான் நினைத்துக்கொண்டதைப் பற்றியும்கூட.

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அக்கா கேட்டாள்.

"நான் தடுமாறுவேன்னு பார்க்க வந்தியா?"

"கொஞ்சம்."

"தடுமாறினேன்ல?"

"ஆமாக்கா."

"திருப்தியா?"

"இல்லை."

அவள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். வேண்டாம் என்ற கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து நான்காக மடித்து, அதன் முதுகில் பென்சிலால் அந்தப் பிள்ளையின் கேள்வியை எழுதிக்கொண்டாள். கடிதத்தை அவள் கொடுத்திருக்கவில்லை. வேறு தாள் கையில் இல்லை என்றாள்.

*

ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் எல்லோரும் இருந்தோம். மாமா மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் வக்கீலின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டாள்.

"முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

மாமா தட்டோடு நின்றார். "சாப்பாடு முடியட்டுமே."

"அப்பா, அந்த விதி எந்தத் தேதியில போட்டது? எழுத்துல இருக்கா?" என்றாள் வக்கீல்.

"எழுத்துல எதுக்கு? எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாரும் சம்மதிச்சாங்களா? சித்திகிட்ட கேட்டீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். அவர் என்னை நேராகப் பார்ப்பது அபூர்வம். "உனக்கு வருத்தமாயிடக் கூடாதுன்னுதாம்மா..." என்று தொடங்கி, பாதியில் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவரும் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நாட்டில் உள்ள ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மூன்றாம் அறையைப் பற்றி எழுதியவள் நான். ஐந்தாம் அறைப் பக்கத்தில் காற்புள்ளி வரை சரிபார்த்தவள். எங்களில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதும், ஒரு கணத்தில் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டே கண் திறப்பதும் நினைவிருந்தது. ஆனால் எது அந்தக் கணம்? யார் முதலில்?

"தெரியலைக்கா" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நான் உட்கார்ந்தே ஒன்பது வருஷமாச்சு. மறந்துபோச்சு."

என்னால் இந்த வீட்டில் சொல்ல முடியாமல் இருந்தது அதுதான் என்று சொன்ன பிறகு புரிந்தது. அவர்கள் கேட்கவில்லை என்று இத்தனை நாள் குற்றம் சொன்னேன். கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லையோ என்கிற பயத்தை யார்மேல் போடுவது?

அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்வாள் என்று பயந்தேன். அவள் ஆசிரியை. இரண்டும் செய்யவில்லை.

"மறந்ததுக்கு அழுவாங்களா? வியாழக்கிழமைக்குள்ள எனக்குப் பதில் வேணும். இப்போ உட்காரு."

"இங்கேயா? சாப்பாட்டு மேசையிலா?"

"ஏன், மேசையில கூடாதா உங்களுக்கு?"

"கூடாதுன்னு இல்லை. எங்கே வேணா உட்காரலாம்."

"அப்புறம் என்ன? நீ உன் மாதிரி உட்காரு. நான் சும்மா பக்கத்துல இருக்கேன். நான் ஒண்ணும் பண்ணப் போறதில்லை. பாடம் கத்துக்குறேன்."

அவள் நாற்காலியை எனக்கு எதிரிலிருந்து பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள். என் கணவர் கண்ணாடித் துணியை மடித்து வைத்தார். மாமா தண்ணீர்க் குவளையைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்தார். வக்கீல் வாயின் மேல் விரலை வைத்துத் தனக்குத்தானே எச்சரிக்கை கொடுத்துக்கொண்டாள்.

கண்ணை மூடினேன்.

முதலில் தெரு கேட்டது. ஒரு வண்டி, யாரோ யாரையோ கூப்பிடுவது. பிறகு குளிர்சாதனப் பெட்டியின் முனகல். பிறகு அக்காவின் மூச்சு, கொஞ்சம் வேகமாக, பிறகு நிதானமாக. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பழகிய ஒரு வீட்டின் வாசல் வரைக்கும் இருட்டில் கால் தானாக நடந்து போவது மாதிரி, எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். கதவு இன்னும் வரவில்லை. ஆனால் வழி இதுதான்.

மேசையின் மேல் என் தொலைபேசி அதிர்ந்தது. தட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன.

"சித்தி, உங்க மேடம்" என்று வக்கீல் கிசுகிசுத்தாள். "எடுக்கட்டுமா?"

என் கை நகர்ந்தது. அதன்மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது.

"இரு" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "இன்னும் முடியலை."